நடுவில் நான்கு விரல் காற்று

போன மாதம் எங்கள் துறை வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. வேளாங்கண்ணிப் பக்கம் புதிதாகச் சேர்ந்திருக்கும் சுகாதார ஆய்வாளர் ஒருவர் போட்டிருந்தார். ஒரு லாட்ஜில் தங்கிய வெளிநாட்டுத் தம்பதி, கழிவறையில் காகிதம் இல்லை, பதிலுக்குத் தண்ணீர் பீச்சும் துப்பாக்கி மாதிரி ஒன்று தொங்குகிறது, இதனால் ஆபத்து உண்டா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். லாட்ஜ்காரர் ஆய்வாளரைப் பிடித்துக்கொண்டார். ஆய்வாளர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "பேப்பரா, தண்ணியா, எது சேஃப்டி? சீனியர்கள் சொல்லவும்."

குழு உடனே இரண்டாகப் பிளந்தது. காகிதக் கட்சி, தண்ணீர்க் கட்சி. நடுவில் ஒருவர் காலை வணக்கம் என்று தாமரைப்பூ அனுப்பினார். கடைசியில் யாரோ எழுதினார்கள்: "கோவிந்தராஜ் சாரைக் கேளுங்க. இந்த சப்ஜெக்ட்ல அவருதான் அத்தாரிட்டி."

ஒரு மனிதன் அத்தாரிட்டி ஆவதற்கு உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது. சங்கீதம் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. எனக்கு வாய்த்தது இது. பணிக்காலம் முழுவதும் ஊராரின் பின்புற விவகாரங்களில் மூக்கை நுழைத்துச் சம்பளம் வாங்கியவன், இப்போது கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது? பதில் எழுத உட்கார்ந்தேன். அது வாட்ஸ்அப்பில் அடங்கவில்லை.

முதலில் படித்ததைக் கொட்டிவிடுகிறேன். ஓய்வுபெற்றவனுக்கு இதைத் தவிர வேறு திமிர் கிடையாது. காகிதத்தை இந்த வேலைக்கு முதலில் எடுத்தவர்கள் சீனர்கள். காகிதத்தையே கண்டுபிடித்தவர்கள் என்பதால் உரிமையோடு செய்திருக்கிறார்கள். அமெரிக்கக் குடியானவர்கள் வெகுகாலம் மக்காச்சோளச் சக்கையில் ஒப்பேற்றினார்கள். பிறகு பஞ்சாங்கமும் கடைகளின் விலைப் புத்தகமும் கழிவறை ஆணியில் தொங்கின. படித்துவிட்டுக் கிழிக்கலாம்; எழுதுகிறவனுக்கு அடக்கம் கற்பிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. உருளைக் காகிதம் வந்ததெல்லாம் ஏறக்குறைய நேற்று. நம் பக்கத்தில் ஆறும் வாய்க்காலும் ஓடியதால் கேள்வியே எழவில்லை. கூத்தாநல்லூர்ப் பக்கத்துப் பழைய ஆட்கள் சிலர் மண்கட்டியால் துடைத்துவிட்டு, அதற்குமேல் தண்ணீராலும் கழுவுவார்கள். காகிதக் கட்சிக்கும் தண்ணீர்க் கட்சிக்கும் அங்கே கூட்டணி ஆட்சி. அப்புறம் வளைகுடாவுக்குப் போனவர்கள் தங்கத்தோடும் தைலத்தோடும் கொண்டுவந்து இறக்கியதுதான் அந்தக் குழாய்த் துப்பாக்கி.

பழைய ரோமாபுரியில் வேறு ஏற்பாடு. நீளமான குச்சி, அதன் முனையில் கடற்பஞ்சு. பொதுக் கழிவறையில் ஒருவர் வேலையை முடித்ததும் குச்சியை வாளித் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டுப் போவார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். இது உண்மையா என்று அறிஞர்களுக்குள் தகராறு இருக்கிறதாம். இருக்கட்டும். படித்தபோது எனக்குப் பஞ்சு அருவருப்பாகப் படவில்லை. வாளிதான் பட்டது. எல்லாருக்கும் ஒரே வாளி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு ஒரு தெரு ஞாபகம் வந்துவிட்டது.

ஊர்ப்பெயர் வேண்டாம். டெல்டாவில் ஒரு நகராட்சி, அங்கே நான் சுகாதார ஆய்வாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொசுவின் கால்களை எண்ணவும், பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் தும்மாமல் பிரிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தும்மாமல் பிரிப்பது இன்றுவரை எனக்குக் கைவரவில்லை. மற்றதை எல்லாம் எங்கள் நகர்நல அலுவலர் டாக்டர் கனகவல்லியிடம் கற்றேன்.

ஒல்லியான பெண்மணி. காட்டன் புடவை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தினால் நமக்கு நிம்மதியாக இருக்கும். நாம் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான்: "பாத்தீங்களா, சொன்னாங்களா?" பார்த்தேன் என்றால், எங்கே நின்று என்பார். சொன்னார்கள் என்றால், பேசாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் இறங்கிய சாக்கடைகள் உண்டு. நோய் கண்ட தெருவில் யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். ஆனால் குடிக்கவில்லை என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசி, கிளம்பும்போது ஏதாவது ஒரு செடிக்கு ஊற்றிவிடுவார். நானும் பின்பற்றிப் பார்த்தேன். ஒரு வீட்டில் நான் ஊற்றியது பிளாஸ்டிக் ரோஜா.

அந்தத் தெரு ஊரின் கடைசித் தெரு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயும் அங்கேதான் முடிகிறது. வளைகுடாப் பணத்தில் எழுந்த மாடிவீடுகள், நடுநடுவே ஓட்டு வீடுகள், தெரு முடிந்ததும் வயல். காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். ஒரே வாரத்தில், முதலில் ஒரு வீட்டில் வயிற்றுப்போக்கு, பிறகு நாலைந்து வீடுகளில். அதற்குப் பிறகு ஆட்டோக்காரர்கள் தெருமுனையிலேயே காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

நாங்கள் போனோம். முறைப்படி எல்லாம் செய்தோம். காலையில் தண்ணீர் வரும்போது குழாயடியில் நின்று, சின்னச் சோதனைக் குழாயில் பிடித்து, மருந்தைச் சொட்டினால் மஞ்சளாக வேண்டும். மஞ்சள் என்றால் குளோரின் இருக்கிறது, பயம் இல்லை. தெருவின் தலையிலிருந்து கடைசிவரை நடந்தேன். எல்லா வீட்டிலும் மஞ்சள். எலுமிச்சைச் சாதம் போல அழகான மஞ்சள். இன்னொரு சோதனை, சிறு பாட்டிலில். உள்ளே மருந்து தோய்த்த தாள் இருக்கும். தண்ணீரை ஊற்றிக் கதகதப்பான இடத்தில் வைத்தால், மலம் கலந்த தண்ணீர் மறுநாள் கறுத்துவிடும். குழாயில் நான் பிடித்த தண்ணீர் கறுக்கவில்லை. அதே வீடுகளின் குடத்தில், நாங்கள் வருவதற்கு முந்தைய நாள் பிடித்து வைத்திருந்த தண்ணீர் மையாகக் கறுத்தது.

குழாய் சுத்தம், குடம் அழுக்கு. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கை கழுவாமல் குடத்தில் டம்ளரை விட்டு மொள்கிறார்கள். உடனே தெரு நடுவில் நின்று சோப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவு. எனக்கே திருப்தியாக இருந்தது. முன்வரிசையில் நின்ற அம்மாள் சொன்னார்:

"சார், நீங்க வந்ததுலேருந்து சோப்புதான் கரையுது. வயிறு நிக்கல."

டாக்டரிடம் போய்க் குடம்தான் காரணம் என்றேன்.

"பாத்தீங்களா, சொன்னாங்களா?"

"அது வந்து, ஊகிச்சேன் மேடம்."

"அப்ப அத்தன வீட்டுக் குடமும் கூடிப் பேசி ஒரே வாரத்துல அழுக்காச்சுங்கறீங்க."

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் நன்றாக இருந்தது.

அன்று மத்தியானம் அந்தத் தெருவிலிருந்து முருகையன் தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். குத்தகைக்கு நெல் போடுகிறவன். வெயிலில் காய்ந்த, வாட்டசாட்டமான ஆள். செல்விக்கு நிறைமாதம் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கண்கள் உள்ளே போய், உதடு வெளுத்து, விரல் தோல் நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தது. டாக்டர் நாடியைப் பிடித்தார். பிடித்த கையை நகர்த்தி நகர்த்தித் தேடினார். அவர் நாடியைத் தேடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தஞ்சாவூர். இப்பவே," என்றார்.

தஞ்சாவூரிலிருந்து சாயங்காலம் போன் வந்தது. இரண்டு கையிலும் நரம்பில் தண்ணீர் ஏறுகிறது, வயிற்றில் குழந்தையின் துடிப்பு சில நேரம் கேட்கிறது, சில நேரம் தேட வேண்டியிருக்கிறது, எதையும் சொல்வதற்கில்லை. போனை வைத்த டாக்டர், "அந்தத் தெருவுல இன்னும் கர்ப்பிணிங்க இருக்காங்களா?" என்று கேட்டார். இருந்தார்கள். இரண்டு பேர். கைக்குழந்தைகள் வேறு.

தெருக் குழாயை மூடினோம். தண்ணீர் லாரி விட்டோம். மண்வெட்டி வந்தது, சாக்கடை ஓரம் எங்கெல்லாம் குழாய் போகிறதோ அங்கெல்லாம் தோண்டினோம். குழாயில் ஒரு கீறல் இல்லை, மூட்டில் ஒரு கசிவு இல்லை. வாய்க்கால் தூர்வாரியதுபோல் தெருதான் கிடந்தது. லாரி எத்தனை நாளைக்கு வரும்? குழாயைத் திறந்தால் அடுத்து யார் படுப்பார்கள் என்று தெரியாது. திறக்காவிட்டால் அழுக்கு எங்கே கலக்கிறது என்றே தெரியாது. கூட்டம் கூடியது. ஒருவர் பானிபூரி வண்டியைச் சந்தேகப்பட்டார். இன்னொருவர் என்னைச் சந்தேகப்பட்டார்.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க முருகையன் வீட்டுக்கு வந்தான். ஆஸ்பத்திரியில் மாமியார் இருந்தார். டாக்டர் அவன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"காலையில தண்ணி வந்ததும் என்ன செய்வீங்க?"

"புடிப்போம்."

"எப்படிப் புடிப்பீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் விளக்க வேண்டும். தெருக் குழாயில் நேரே மோட்டார் வைத்து உறிஞ்சுவது குற்றம். கடைசித் தெருவில் தண்ணீர் நூலாகத்தான் வரும். ஆகவே குற்றம் அங்கே வீட்டுக்கு வீடு. குடிநீர்ப் பிரிவினர் மோட்டாரைப் பறிக்க வரும்போதெல்லாம் சாட்சிக்கு நானும் உடன் போவேன். எனக்கு ஊரில் 'மோட்டார் சார்' என்று ஒரு பட்டம் இருந்ததை அப்புறம் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கோவிந்தராஜ், நீங்க அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் நில்லுங்க."

நான் போய் ஒரு பசுமாட்டின் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தேன். முருகையன் கொல்லைப்பக்கம் போய், கவிழ்த்துப் போட்டிருந்த நெல் அவிக்கும் அண்டாவை நிமிர்த்தினான். அதன் அடியில் நீல நிறத்தில் சின்ன மோட்டார், அடைக்கோழி மாதிரி.

அப்போது எனக்கு உறைத்தது. நாங்கள் வருகிறோம் என்றால் தெரு முழுவதும் மோட்டாரைக் கழற்றி அண்டாவுக்கும் சாக்குக்கும் அடியில் ஒளித்துவிடுகிறது. நாங்கள் பிடிக்கும் தண்ணீர் மோட்டார் இல்லாத தண்ணீர். அவர்கள் குடிக்கும் தண்ணீர் வேறு. எத்தனை முறை போயிருந்தாலும் எனக்கு மஞ்சள்தான் தெரிந்திருக்கும். எங்களைக் கண்டதும் நோயும் சேர்ந்து ஒளிந்துகொண்டிருக்கிறது.

டாக்டர் தெருவைக் கூட்டினார். கூடியவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்றார்கள்.

"யாரு மோட்டாரும் போகாது. இது என் வார்த்தை. நாளைக்குக் காலையில தண்ணி விடுவோம். நாங்க யாரும் இங்க இல்லன்னு வச்சுக்குங்க. தினமும் என்னென்ன செய்வீங்களோ, ஒண்ணு விடாம அதையே செய்யுங்க. புடிச்ச தண்ணிய மட்டும் ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது."

"வாயில வைக்காம எதுக்கும்மா புடிக்கிறது?" சோப்பு அம்மாள்தான்.

"எனக்குக் காட்டறதுக்கு."

கலங்கிய தண்ணீரை, தெரிந்தே, குழந்தைகள் இருக்கும் தெருவில் திறந்துவிடப் போகிறோம். ஒரு பிள்ளை ஓடிப்போய் ஒரு வாய் குடித்துவிட்டால்? டாக்டரிடம் சொன்னேன். "அதனாலதான் நீங்க வாசல்ல நிக்க மாட்டீங்க, உள்ள நிப்பீங்க," என்றார்.

விடிந்தது. தொட்டியில் வால்வைத் திறந்தார்கள். சிறிது நேரத்தில் தெரு உறுமியது. ஒரு வீடு, பக்கத்து வீடு, எதிர்வீடு என்று மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, கடைசியில் தெருவே ஒரு அரவை மில் ஆகிவிட்டது. நான் வீடு வீடாக நுழைந்து, குடத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் நின்று, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். முருகையன் வீட்டுக்கு முந்தைய வீடு ஹாஜியாருடையது.

ஹாஜியார் ஒரு காலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து இடது கை, இடது கால் போய்விட்டது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான். மகன் குவைத்தில். வீட்டில் மருமகள் நூர்ஜஹான். தெருவில் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டில் மோட்டார் இல்லை. எனவே அங்கே பார்க்க ஒன்றும் இராது என்று நினைத்துக்கொண்டே நுழைந்தேன்.

முன்கட்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே புதுக் கழிவறை. உள்ளே பளபளவென்று குழாய்த் துப்பாக்கி. அதன் விசையைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். துப்பாக்கி ஒரு வாளிக்குள் தலைகீழாகக் கிடந்தது. வாளியில் ஊறப்போட்ட பழைய வேட்டிக் கிழிசல்கள்.

"இது எதுக்கும்மா கட்டியிருக்கு?"

நூர்ஜஹான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அத்தாவுக்கு அந்தக் கை வராது சார். இருக்கறது சோத்துக் கை. அத அங்க கொண்டுபோ மாட்டேன்னுட்டாங்க. என்னயும் தொட விடமாட்டாங்க. ரெண்டு நாளு சாப்பிடவே இல்ல. சாப்பிட்டாத்தான போவணும்னு. அப்புறம் எங்க வீட்டுக்காரரு குவைத்துலேருந்து லீவுல வந்தப்ப, வாசல் பைப்புலேருந்தே லைன் இழுத்து இதப் போட்டுக் குடுத்தாரு. அத்தா இருக்கற கையால செவுத்துக் கம்பியப் புடிச்சுக்கணும்ல, விசைய அமுக்க ஏது கை? அதான் கட்டிவச்சிருக்கு. செவுத்துக் குழாயத் தொறந்தா தானா அடிக்கும். தண்ணி வர்ற நேரந்தான் அத்தாவுக்கும் நேரம். மத்த நேரத்துக்குக் கட்டில்ல விரிச்சுப்போடற துணிதான்."

"வாளியில ஏன் கெடக்கு?"

"அத்தா முடிச்சதும் செவுத்துக் குழாய மூடாம இதுல போட்ருவேன். தண்ணி வந்து ரொம்பட்டும், துணி அலசலாம்னு. ஆனா இந்த வாளியே சரியில்ல சார். சில நாளு ரொம்பியிருக்கும். சில நாளு முன்னாடி இருந்த தண்ணியும் காணாம போயிருக்கும். ஓட்டைன்னு போன வாரந்தான் புதுசு மாத்துனேன்."

நான் வாளியைப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் முருகையனின் மோட்டார் சுருதி ஏறியது. வாளிக்குள் களக் என்று ஒரு சத்தம். இளநீரின் அடியை ஸ்ட்ராவால் உறிஞ்சும் சத்தம். தண்ணீர் மட்டம் கிழிசல்களை விட்டுக் கீழே இறங்கியது. நிதானமாக, வாளியின் பக்கத்தில் ஈரக் கோடு போட்டுக்கொண்டே இறங்கியது. குழாய் தண்ணீரைக் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டிருந்தது.

"மேடம்!" என்று நான் கத்தியது தெருமுனைவரை கேட்டதாம்.

டாக்டர் வந்தார். பார்த்தார். "கொஞ்ச நாள் முன்னாடி அத்தாவுக்கு வயித்துல ஏதாவது?" என்று கேட்டார். உறவுக்காரர் கல்யாண விருந்துக்குப் பிறகு கொஞ்சம் போனது, தானாக நின்றுவிட்டது, வயசானவர் என்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை என்றார் நூர்ஜஹான். டாக்டர் தலையை ஆட்டினார். பிறகு தன் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தார். கிணற்றில் போடும் பெர்மாங்கனேட். வாளியில் தண்ணீர் ஊற்றச் சொல்லி அதைக் கொட்டினார். கத்திரிப்பூ நிறம்.

"நாம பாத்தாச்சு. அவங்களும் பாக்கணும்," என்றார்.

முருகையன் வீட்டுக் கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளையாக விழுந்தது. அவன் கையில் குழாய் திருகும் ரிஞ்சோடு பக்கத்தில் நின்றான். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீரில் ஒரு நூல் ஊதா ஓடியது. பிறகு குடம் முழுவதும் ஊதாவானது.

அவன் குடத்தைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீடு என்று பார்க்கத் தேவையில்லை. எதிர்வீட்டு மோட்டார், பக்கத்து மோட்டார் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. தெருவில் சத்தம் அடங்கியதும் கூட்டம் வாசலில் நிற்பது தெரிந்தது. யாரோ, "பாய் வீட்டுலேருந்தா வருது?" என்றார்கள். முருகையன் ரிஞ்சோடு வெளியே நடந்தான். நானும் டாக்டரும் பின்னால் ஓடினோம். எனக்கு அப்போதே சர்க்கரை உண்டு, ஓடக் கூடாது, ஓடினேன்.

அவன் நேரே ஹாஜியாரின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றான். ஹாஜியார் நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த ரிஞ்சைப் பார்த்தார். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"செல்வி... எப்படிப்பா?"

"தண்ணி ஏத்திக்கிட்டே இருக்காங்க அத்தா."

"புள்ள?"

"துடிப்பு இருக்குங்கறாங்க."

பெரியவர் வாயை அசைத்து வார்த்தையைச் சேர்த்தார். "நம்ம... வீட்டுத் தண்ணியா?"

டாக்டரைப் பார்த்தேன். நூர்ஜஹான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முருகையன் சொன்னான்: "ஒங்க வீட்டுத் தண்ணி ஒங்க வாளியிலதான் அத்தா கெடந்துச்சு. நாந்தான் இழுத்தேன்."

சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய், தெருக் குழாயிலிருந்து வந்த இணைப்பைக் கழற்றி முனையை அடைத்தான். திரும்பித் தன் வீட்டுக்குப் போனான். கொல்லையில் மோட்டாரைக் கழற்றும் சத்தம் கேட்டது.

வாசல் கூட்டத்துக்கு டாக்டர் பதில் சொன்னார். "இழுக்க மோட்டார் இல்லன்னா அந்த வாளி சும்மாக் கெடந்திருக்கும். தெருவுல மோட்டார் இல்லாத வீடு இது ஒண்ணுதான். இப்ப யாரப் பத்திப் பேசலாம், சொல்லுங்க." யாரையும் பற்றிப் பேச யாருக்கும் விருப்பம் இல்லை. கலைந்தார்கள்.

பாதி வேலைதான் முடிந்திருந்தது. ஹாஜியார் அன்றிலிருந்து சாப்பாட்டை நிறுத்திவிட்டார். எனக்கு ஒரு மேதாவி யோசனை தோன்றியது: காகிதம்! ஊரெல்லாம் அலைந்து ஒரு உருளை வாங்கிவந்தேன். பெரியவர் அதை வலது கையில் வாங்கி, கட்டைவிரலால் தடவி, ஜவுளிக்கடைக்காரர் கண்ணால் பார்த்தார்.

"பொட்டலம் கட்டக்கூட... ஆவாது தம்பி. இதுக்கும் கை வேணும்ல?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

டாக்டர் யோசித்திருந்தார். கழிவறைச் சுவரில் உயரமாகப் பலகை அடித்து, ஒரு பிளாஸ்டிக் டிரம். தெருக் குழாய் டிரம்முக்கு மேலே வந்து நிற்கும்; டிரம் எவ்வளவு நிறைந்தாலும் தண்ணீர் குழாயின் வாயைத் தொடக் கூடாது. நடுவில் நான்கு விரல் இடைவெளி, வெறும் காற்று. துப்பாக்கிக்குத் தண்ணீர் டிரம்மிலிருந்து. தெருவில் எத்தனை மோட்டார் இழுத்தாலும் இழுபடுவது அந்தக் காற்றுதான். மற்ற வீடுகளுக்கும் அதே கணக்கு: குழாய்த் தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில் விழட்டும், மோட்டார் தொட்டியிலிருந்து எடுக்கட்டும். மோட்டார் போகாது என்று கொடுத்த வார்த்தையும் காப்பாற்றப்பட்டது. குழாய்க்குக் குளோரின் அடித்துக் கழுவி, பாட்டில்கள் கறுக்காமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் தெருவுக்குத் தண்ணீர் திறந்தோம்.

டிரம்மை மாட்டியது யார் என்கிறீர்கள்? ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் இடைவேளையில் முருகையன்தான். பலகையில் ஏறி நின்று, குழாய் வாய்க்குக் கீழே தன் நாலு விரலை வைத்து அளந்துகொண்டிருந்தான். "உங்க விரல் தடிமன், அதனால ரொம்ப நல்லது," என்று டாக்டர் கீழேயிருந்து சொன்னார். அவர் நகைச்சுவை செய்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அது நகைச்சுவையா என்பதுகூட நிச்சயமில்லை. டிரம்மிலிருந்து முதல் தண்ணீர் பீச்சியதும் ஹாஜியார் நூர்ஜஹானிடம் கஞ்சி கேட்டார்.

லாட்ஜ் கேள்வியைப் போட்ட ஆய்வாளர் தம்பிக்கு என் பதில் இதுதான். காகிதம் வேண்டுமென்றால் வையுங்கள். ஆனால் நம் கழிவுத்தொட்டிகளில் அது கரையாமல் நின்று உங்களைத்தான் கூப்பிடும், பக்கத்தில் ஒரு மூடி போட்ட கூடையும் வையுங்கள். ஈரத் துடைப்பான் என்று விற்பது இன்னும் மோசம். தண்ணீர் வைத்தால், துப்பாக்கியைப் பார்க்காதீர்கள். அதன் வால் எங்கே போகிறது என்று பாருங்கள். யாராவது சொன்னால் போதாது, போய்ப் பாருங்கள். முக்கியமாக, நீங்கள் இல்லாதபோது பாருங்கள். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அதற்குத்தான் சம்பளம்.

செல்வி பிழைத்தாள். குழந்தை நாள் குறைந்து பிறந்தாலும் நன்றாக அழுதது. தஞ்சாவூரிலிருந்து அவள் பெண்குழந்தையோடு வீடு திரும்பிய அன்று, தாய்சேய் விவரம் பார்க்க நானும் போயிருந்தேன். நூர்ஜஹானும் முருகையனும் இரண்டு பக்கமும் தாங்க, காலை இழுத்துக்கொண்டு ஹாஜியார் வந்தார். சட்டைப் பையில் மடித்த ஒரு சீனிப் பொட்டலம். குழந்தையின் நாக்கில் வைக்க வேண்டும். அந்தத் தெருவில் முதல் சீனி அவர் கையால்தான் வழக்கம். கடையை மூடிய பிறகும் அது மட்டும் நிற்கவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது. இதை எத்தனை சுவரில் எழுதியிருக்கிறேன்! டாக்டர் இருந்தால் ஒரு பார்வையில் முடித்திருப்பார். எனக்கு அந்தப் பார்வை கிடையாது.

"புள்ளைக்கு வேணாம் அத்தா," என்றேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "தாய்க்குக் குடுங்க. அது சட்டத்துல வராது."

பெரியவர் சரி என்று தலையசைத்தார்.

"கை கழுவிட்டு," என்றேன். தொழில் புத்தி.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். அதைக் கழுவ அவரிடம் இன்னொரு கை இல்லை என்பது எனக்கு அதற்கப்புறம்தான் விளங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் முருகையன் சோப்பும் சொம்பும் எடுத்துவந்துவிட்டான். பெரியவரின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கி, நெல் அறுத்துக் காய்ப்பேறிய விரல்களால் நுரை வர, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்தான். நான் போட்ட சோப்புச் சொற்பொழிவை ஒருவன் கேட்டிருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது. சொம்பை உயர்த்தி ஊற்றினான். தண்ணீர் அந்தரத்தில் இறங்கி, கையில் விழுந்து, மண்ணுக்குப் போயிற்று.

ஈரம் காய்ந்ததும் ஹாஜியார் பொட்டலத்தை நூர்ஜஹானிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். விரல் நுனியில் சீனி எடுத்தார். செல்வி நீட்டிய உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாக, பாதி கீழே சிந்தப் போட்டார்.

செல்வி உள்ளங்கையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்ன அத்தா, கடைக்காரர்னு காட்டுறீங்க? இன்னும் கொஞ்சம் தாராளமாப் போடுங்க," என்றாள். கையை நீட்டியபடியே நின்றாள்.